தோல் இல்லாத மீன்

என் தங்கை ஐலாவின் கணவன் ரஸ்ஸல் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திக் காப்பி வாங்கினான். இரைமீன் வாங்கவில்லை. ஏரியில் தூண்டில் போடப் போகிறவன் என் கடைக்குள் வந்து, தொட்டியில் நெளிகிற மீன்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனால் எனக்கு உறுத்தாதா? கேட்டேன். டேல் எல்லாம் வைத்திருக்கிறார் என்றான்.

டேல் ஓஸ்ட்பி எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைத் தலைவர். ஐலாவுக்கும் ரஸ்ஸலுக்கும் மேலதிகாரி. ஏரி உறைந்ததும் அவருடைய மீன்வீட்டைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போய் வைப்பார்கள். பெயர்தான் வீடு, சறுக்குக் கட்டைமேல் ஒரு பலகை அறை, ஒரு சின்ன அடுப்பு, தரையில் தூண்டில் விட ஒரு துளை. அந்த வருஷம் அவர் முழங்கால் அறுவை செய்துகொண்டு வீட்டில் கிடந்ததால் சாவியை ரஸ்ஸலிடம் கொடுத்திருந்தார். சரி. ஆனால் டேலும் இரைமீனை என்னிடம்தானே வாங்குவார்? நவம்பருக்குப் பிறகு அவர் என் கடைப் பக்கமே வரவில்லை. பிறகு எந்த இரைமீனை அவர் வைத்திருக்கிறார்?

என் கணவர் வெர்ன், நான் எதையும் நம்பாத பிறவி என்பார். கடை வைத்திருப்பவள் எல்லாவற்றையும் நம்பினால் கடை இருக்காது.

கடை அப்பா ஆரம்பித்தது. ஏரி உறையத் தொடங்கியதும் அவர் கோடரியோடு போய்ப் பனியின் கனத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஐலா பின்னாலேயே ஓடுவாள். எனக்குப் பனி என்றால் வியாபாரம் தொடங்குகிறது என்று அர்த்தம். அவளுக்கு அது நூறு கேள்வி. ஏன் இந்த வருஷம் தாமதம், ஏன் அந்தக் கரையோரம் மட்டும் மெலிசு, அடியில் மீன்கள் எப்படி மூச்சு விடுகின்றன. பள்ளியில் மேற்படிப்புக்கு வழி சொல்லும் ஆசிரியை, பெண்ணுக்கு நர்ஸ் படிப்பு கச்சிதமாக இருக்கும் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அவளுக்கு மனுஷங்கள விட பனியத்தான் புடிக்கும். நோயாளிங்க பாவம்," என்றார் அப்பா.

அப்படித்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி ஏரிகளைப் படிக்கப் போனாள். மேற்படிப்பில் ஆராய்ச்சிப் படகில் போவார்கள். படகில் பெண்கள் இரண்டே பேர், சமையல் எப்போதும் அந்த இரண்டு பேர் தலையில். முதல் வருஷம் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். மூன்றாவது வருஷம் சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். அங்கேதான் ரஸ்ஸலைச் சந்தித்தது. மேரிலாந்துக்காரன். ஏரி உறையாத தெற்கே, கடலோரத்தில் நண்டு தின்று வளர்ந்தவன். ஏரிப் பாசிதான் அவன் படிப்பு. நல்ல பையன்தான், அதை மறைக்கமாட்டேன். படகில் ஒருநாள் அவனாகவே எழுந்து பாத்திரம் கழுவினான் என்பதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. கழுவியதைப் படகு முழுக்கப் பாராட்டினார்களாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

இரண்டு பேருக்கும் எங்கள் ஊரிலேயே ஒரே துறையில் வேலை கிடைத்தது. கிடைத்தது என்றால் முழுசாக இல்லை. ஆறு வருஷம் சோதித்துப் பார்ப்பார்கள். எழுதிய கட்டுரை, பாடம் சொன்ன விதம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, நிரந்தரம் என்பார்கள் அல்லது போய்வா என்பார்கள். போய்வா என்றால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். முந்நூறு மைல் சுற்றளவில் வேறு பல்கலைக்கழகம் யார் வைத்திருக்கிறார்கள்?

இரண்டு பேரும் ஒரே பாடத்தை, ஒரே குறிப்பை வைத்து, மாறி மாறி நடத்தினார்கள். வருஷக் கடைசியில் மாணவர்கள் கருத்து எழுதுவார்கள். ரஸ்ஸலுக்கு 'ஆழமானவர்'. ஐலாவுக்கு 'சிரிக்கவே மாட்டேன் என்கிறார்'. குறிப்பை எழுதியவள் ஐலா. அவள் அதைச் சொன்னபோது ரஸ்ஸலும் கூட உட்கார்ந்து சிரித்தான். பாவம், அவனுக்கு உண்மையாகவே வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு இங்கா பிறந்தாள். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள் என்றால் பல்கலைக்கழகம் ஒரு வருஷம் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும். சோதனைக் காலத்தில் அந்த வருஷம் கணக்கில் வராது, ஆனால் அதில் எழுதிய கட்டுரை கணக்கில் வரும். ஐலாவுக்கும் ஒரு வருஷம், ரஸ்ஸலுக்கும் ஒரு வருஷம். எவ்வளவு நியாயம் என்று தேவாலயத்தில் எல்லோரும் சொன்னார்கள். டேல் தன் மனைவி செய்து கொடுத்த கோழிப் பதார்த்தத்தோடு வந்து, ஐலாவிடம் அன்பாகப் பேசினார். இந்த வருஷம் உனக்குத்தான், குழந்தையை அனுபவி, வேலை எங்கேயும் ஓடிவிடாது. நான் அங்கேதான் இருந்தேன். ரஸ்ஸலிடம் தனியாக என்ன சொன்னார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஜப்பானில் ஏரிப்பனி ஆராய்கிற கூட்டம் ஒன்று ஐலாவைப் பேசக் கூப்பிட்டது. குழந்தைக்கு மூன்று மாசம். வரமுடியாது என்று எழுதிவிட்டு, என் கடைப் பின்னறையில் உட்கார்ந்து பால் பம்பைப் போட்டுக்கொண்டு மாணவர்களின் தாளைத் திருத்தினாள். ரஸ்ஸலுக்கு ஸ்வீடனிலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டு வந்தான். எனக்கு ரொட்டியில் போட ஏலக்காய் வாங்கி வந்தான். நல்ல ஏலக்காய்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய தலைவர் வந்திருந்தார். உலகப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் நம் பெயரும் வரவேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்த வருஷத்திலிருந்து நிரந்தரமாக வேண்டுமானால் வெளிநாட்டு அழைப்பும் வெளிநாட்டுக் கூட்டாளிகளும் கட்டாயம் என்று விதி வந்தது. ரஸ்ஸலுக்கு அதெல்லாம் இருந்தது. ஐலாவுக்கு ஒரு 'வரமுடியாது' மட்டும் இருந்தது. அதனால் அவள் வருகிற ஆகஸ்டிலேயே, பழைய விதி முடிவதற்குள் பெயரைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் செலவைக் குறைக்கிறோம் என்று இந்த வருஷம் உயிரியலிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம் என்று டீன் சொல்லிவிட்டார். அந்த ஒரு பெயருக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர்.

அதைப்பற்றி அவர்கள் வீட்டில் பேசவே இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து ரஸ்ஸல்தான் அப்புறம் என்றவன்.

இந்த நிலையில் அவன் மீன்பிடிக்கப் போகிறான். பிள்ளையும் வேலையுமாகக் களைத்துப்போய்விட்டான், வாரக் கடைசியில் ஏரிக்காற்று பட்டால் நல்லது என்று ஐலாவே அனுப்பிவைத்தாள். வாராவாரம் வெறுங்கையோடு திரும்பினான். நான் விடுவேனா? ஏரியில் மீனெல்லாம் படிப்பு முடித்துப் போய்விட்டனவா என்று கேட்டேன். இன்னொரு வாரம், தூண்டிலில் கொக்கி இருக்கிறதா, பார்த்தாயா என்றேன். அவன் காது சிவந்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று எல்லோருக்கும் புரியும். ஸ்வீடனிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். உயரமாக, எப்போதும் தொப்பி இல்லாமல், எந்தக் குளிரும் தன்னை ஒன்றும் செய்யாது என்பதுபோல நடப்பாள். சனிக்கிழமை சௌனாவில், எங்கள் நீராவிக் குளியலறையில், நானும் ஐலாவும் மட்டும் மேல்பலகையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"அங்க அவன்கூட யாராவது இருக்காங்களா?"

"எங்க?"

"ஏரில."

ஐலா அடுப்பிலிருந்த சூட்டுக் கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். ஆவி குப்பென்று எழுந்தது.

"இந்தக் குளிர்லயா? அவன் போட்டிருக்கிற துணியெல்லாம் கழட்டவே அரை நாள் ஆகும், கைசா."

சிரித்தாள். ஆனால் ஸ்வீடன்காரி சனிக்கிழமைகளில் எங்கே இருப்பாள் என்று அடுத்த நிமிஷம் என்னிடமே கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். உனக்குத் தெரியாதது உண்டா என்றாள்.

மறுநாள் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ரஸ்ஸல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, ஒன்றும் இல்லாததுபோல ஒதுங்கி நின்றான். நிறைய பெர்ச் மீன், முள் நீக்கிச் சீவிய துண்டுகள். வெர்ன் அவன் முதுகில் தட்டினார். நான் பிஸ்கட்டைப் பொடித்து, முட்டையை அடித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்தவள் நின்றுவிட்டேன்.

இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருந்தது.

எங்கள் மாநிலத்தில் ஏரியில் பிடித்த மீனைச் சீவி எடுத்துவந்தால் ஒவ்வொரு துண்டிலும் கட்டைவிரல் அகலத்துக்குத் தோலைச் செதிலோடு விட்டுவைக்க வேண்டும். வழியில் மீன்வளக் காவலர் நிறுத்தினால் அது என்ன மீன் என்று தோலைப் பார்த்துத்தான் சொல்வார். சட்டம் என்று இங்கே யாரும் அதை நினைப்பதில்லை. கை தானாக விட்டுவிடும். அடுப்பருகே வந்துதான் அதை உரித்துப் பூனைக்குப் போடுவோம். பத்து வயதுப் பிள்ளைகூட மறக்காது. மேரிலாந்துக்காரன், அதுவும் ஒரு மீனையும் பிடிக்காதவன், எப்படி அறிவான்?

நிமிர்ந்து பார்த்தேன். ஐலா இடுப்பில் இங்காவோடு எதிரே நின்று, என் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வெச்சு சீவினே?" என்று ரஸ்ஸலைக் கேட்டாள்.

"அங்கயேதான். மீன்வீட்ல."

"நல்லா சீவியிருக்கே."

அவ்வளவுதான். உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அந்த மீன் கனடாவிலிருந்து உறைந்து வந்து, பக்கத்து ஊர்க் கடையின் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். வெர்னுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவர் மீன் ருசியாக இருக்கும்போது வாய் திறக்கமாட்டார்.

அடுத்த சனிக்கிழமை இங்காவை வெர்னிடம் கடையில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டோம். துப்பாக்கி எதுவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்றார் வெர்ன், பாதி விளையாட்டாக. ஐலாதான் வண்டி ஓட்டினாள். ஏரிமேல் போட்டிருந்த பாதையில் ஒரு வெடிப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, பனியை எட்டிப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அதைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

டேலின் மீன்வீடு பச்சை நிறம், வெளியே கொட்டை எழுத்தில் அவர் பெயர். புகைக்குழாயில் புகை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தூண்டில் போடுகிறவனுக்கு எதற்கு ஜெனரேட்டர் என்று நான் யோசிப்பதற்குள் கண் தானாகத் தரைக்குப் போயிற்று. பனியில் ஒரே ஆளின் காலடிதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஐலா தட்டவில்லை. கதவைத் திறந்தாள்.

உள்ளே வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடு. ரஸ்ஸல் கம்பளிக் காலுறையோடு, காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தான். துளைக்கு மேல் மரமூடி, மூடிமேல் காப்பிக் கோப்பை. சுற்றிலும் தாள்கள். ஐலா கோப்பையை நகர்த்திவிட்டுக் காலால் மூடியைத் தள்ளினாள். துளை மேல்வரை உறைந்து கெட்டிப்பட்டிருந்தது. எப்போதோ டிசம்பரில் அந்த வீட்டை இழுத்து வந்து வைத்தபோது போட்ட துளை.

"எத்தனை கட்டுரை எழுதியிருக்கே?" என்று கேட்டாள். யாருடன் இருந்தாய் என்றோ, ஏன் என்றோ கேட்கவில்லை.

"மூணு அனுப்பியாச்சு. இது நாலாவது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

ரஸ்ஸல் காதிலிருந்ததைக் கழற்றினான். பொய் சொல்லத் தெரியாதவன் அவன். அதுவரை சொன்னதும் மீன் சொன்ன பொய்தான்.

"மீன் பிடிக்கப் போறேன்னா நீ போயிட்டு வான்னுவே. எழுதப் போறேன்னா, அப்ப என் முறை எப்பன்னு கேப்பே."

"கேட்டிருப்பேன்."

"தெரியும்," என்றான்.

திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாகிவிட்டது. பெண் விவகாரம் இல்லை, வேலைதானே செய்திருக்கிறான், குடிக்கவில்லை, சூதாடவில்லை என்று என் வாய் ஓடியது. ஐலா வண்டியை ஏரி நடுவில் நிறுத்தினாள்.

"இன்னொருத்தி இருந்திருந்தா எனக்கு என்ன செய்யறதுன்னு தெரிஞ்சிருக்கும். கத்தியிருப்பேன். ஊரே என் பக்கம் நின்னிருக்கும். இதுக்கு யார்கிட்ட போய் கத்தறது? என் புருஷன் நல்லா உழைக்கிறான்னா?"

செவ்வாய்க்கிழமை டேல் ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார், நான்கு மாசத்தில் முதல் தடவை. ஐலாவும் இங்காவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது, ஆனால் அவர் முகத்தில் குற்ற உணர்வு ஒன்றும் இல்லை. அந்த மீன்வீட்டில்தான் தன் முதல் புத்தகத்தை எழுதியதாகச் சொன்னார். அவருக்கு முன்னால் துறைத் தலைவராக இருந்தவர், டேலுக்குப் பிள்ளை பிறந்தபோது சாவி கொடுத்தாராம். அதன்பிறகு துறையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் டேல் அந்தச் சாவியைக் கொடுத்துவந்தார். புது அப்பாக்களுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை, ஒரு அடுப்பு, கொஞ்சம் அமைதி. பெருமையாகவே சொன்னார்.

"அம்மாங்க யாருக்காவது குடுத்திருக்கீங்களா, டேல்?"

"யாரும் கேக்கலையே, ஐலா."

"சாவின்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சாத்தானே கேக்கறதுக்கு."

"நீ பால் குடுத்துட்டிருந்தே. தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனைச்சேன்."

அவர் அதை மனசாரச் சொன்னார். அதுதான் அவரிடம் கோபப்பட முடியாமல் செய்தது. ரஸ்ஸல் திருப்பிக் கொடுத்திருந்த சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கல்லாமேல் வைத்தார். ரோஷப்பட்டுத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். ஐலா எடுத்துக்கொண்டாள். மார்ச் நடுவில் எல்லா மீன்வீடுகளும் ஏரியைவிட்டு வந்தாக வேண்டும். அதுவரை வாரக் கடைசி இரண்டு நாளும் அவள் அங்கே உட்கார்ந்து எழுதினாள். போன முதல் வேலையாகத் துளையைப் புதிதாகத் திறந்தாள்.

எழுதியது போதாது என்று அவளுக்குத் தெரியும். நாலு வாரத்தை ஒரு வருஷத்துக்கு எதிரில் வைத்தால் எந்தத் தராசு ஏறும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சாப்பாட்டு மேசையில், நானும் வெர்னும் இருக்கும்போதே, ரஸ்ஸலிடம் சொன்னாள். எங்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டாள் என்று பிறகுதான் புரிந்தது.

"அந்த வருஷத்த இங்காவுக்குன்னு குடுத்தாங்க. நீ எடுத்துக்கிட்டே. திருப்பிக் குடு. இந்த ஆகஸ்ட்ல உன் பேரக் குடுக்காதே."

ரஸ்ஸல் இங்காவின் காலுறையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். மாட்டி முடித்தான்.

"அடுத்த வருஷம் ஒரு இடமும் இல்லன்னு டீன் சொல்லிட்டா?"

"வேலை போயிடுமோங்கற பயம் எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு. ஒரு வருஷம் நீ வெச்சிரு."

நிறைய நேரம் கழித்துச் சரி என்றான். எங்கள் ஊரில் சரி என்றால் சரி. மேரிலாந்தில் அதற்கு என்ன அர்த்தமோ என்று இரவு பாத்திரம் கழுவும்போது வெர்னிடம் சொன்னேன். வெர்ன் தட்டுகளைத் துடைத்து அடுக்கினார்.

ஆகஸ்ட் வந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் டேலின் கோடைக் குடிலுக்கு முன் ரஸ்ஸலின் வண்டி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். நீலவண்டி, பின்னால் குழந்தை இருக்கை, சந்தேகமே இல்லை. போகும்போது பார்த்தேன், திரும்பும்போதும் பார்த்தேன், நகரவில்லை. ஐலாவுக்குப் போன் செய்தேன். ம் என்றாள்.

கடைசித் தேதியன்று அவள் காலையிலேயே துறைக்குப் போய், தன் அறைக் கதவை விரியத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். எதிரே டேலின் அறை. தன் பெயரைக் கொடுத்துவிட்டிருந்தாள், அங்கே அவளுக்கு வேறு வேலை இல்லை. மதியத்துக்கு ரொட்டியைக்கூட அங்கேயே சாப்பிட்டாளாம். அலுவலகத்தைப் பூட்டும்வரை ரஸ்ஸல் வரவில்லை. வீட்டுக்குப் போனால் அவன் இங்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். டேல் தன் குடிலுக்கு வரச் சொன்னார், தப்புப் பண்ணுகிறாய் என்று மணிக்கணக்காகச் சொன்னார், நான் அசையவில்லை என்று அவனாகவே சொன்னான். அசைந்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்தானா, கடைசிவரை அசையவே இல்லையா, அது டேலுக்கும் அவனுக்கும்தான் தெரியும். நான் கேட்கவில்லை. ஐலா கேட்டாளா என்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த மே மாசம் ஐலாவுக்கு நிரந்தரம் என்று முடிவு வந்தது. பனியைப் பற்றி அவள் எழுதியதை வெளியூர்க்காரர்கள் உயர்வாகச் சொல்லியிருந்தார்களாம். அந்த ஜப்பான் கூட்டத்திலிருந்த ஒருவர்கூட. நான் கடையைச் சாத்திவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா இருந்திருந்தால் பனியைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

டேல் தன் வீட்டுப் பின்புறத்தில் விருந்து வைத்தார். வழக்கம்போலப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். ஆண்கள் சிப்ஸ் கொண்டுவந்தார்கள். ஐலாவைப் பற்றி டேல் இரண்டு வாக்கியம் நன்றாகவே பேசினார். அதற்குப் பிறகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரஸ்ஸல் பக்கம் திரும்பினார்.

"எத்தனை ஆம்பளைங்க இத செய்வாங்க, சொல்லுங்க. பொண்டாட்டிக்காக ஒரு வருஷம் தள்ளி நின்னான். இவன மாதிரி ஒருத்தன் நம்ம துறையில இருக்கறது நமக்குப் பெருமை."

எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற கணிதத்துறைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ரஸ்ஸல் தலையைக் குனிந்தான். அப்படிக் குனிந்தது கைதட்டலை இன்னும் நீட்டியது. அவனுக்கு அது பிடித்திருந்ததா? கொஞ்சம் பிடித்திருந்தது. எனக்கு முகம் பார்த்துச் சரக்கு விற்றுப் பழக்கம்.

ஐலா உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு என்னருகே வந்தாள். அவள் வாய் மெதுவாக மென்றுகொண்டிருந்தது.

"என்னோட பத்து வருஷம். அவனோட ஒரு வருஷம். எதுக்கு கைதட்டறாங்க பாத்தியா?" என்றாள்.

வீட்டுக்குப் போகும்போது சண்டை வந்ததாம், வண்டியிலேயே. ஏன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை என்று இவள். விருந்தில் போய் மீன்வீட்டைப் பற்றிப் பேசச் சொல்கிறாயா என்று அவன். இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு இங்காவுக்குக் காய்ச்சல் வந்து, பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. விட்டுப் போகவெல்லாம் இல்லை. அவன் அவளுக்குப் பிடித்தவன்தான், அதுவும் மாறவில்லை. என்னிடம் கேட்டால் அதுதான் அவளுக்கு இருந்ததிலேயே பெரிய கஷ்டம்.

சாவி அவளிடமே இருந்தது. திருப்பிக் கேட்க டேலுக்கு வாய் வரவில்லை. இலையுதிர் காலத்தில் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஐலா அவளை ஒருநாள் என் கடைக்கு அழைத்துவந்து, ஏரிமேல் வண்டி எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள்.

விருந்துக்குப் பிறகு வந்த ஆகஸ்டில் ரஸ்ஸலும் தன் பெயரைக் கொடுத்தான். டீன் அந்த வருஷமும் ஒரு இடம் கொடுத்திருந்தார். முடிவு மே மாசம்தான் வரும். அந்தக் குளிர்காலம் சனிக்கிழமைகளில் ஐலா வீட்டில் எழுதுவாள். அவன் இங்காவைப் பொதிமூட்டைபோலச் சுற்றி எடுத்துக்கொண்டு வெர்னுடைய மீன்வீட்டுக்குப் போவான். வழியில் என் கடையில் காப்பியும் இரைமீனும் வாங்குவான். இங்கா தொட்டிக்குள் கையை விட்டு அளைவாள். நான் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக அள்ளிப் போடுவேன். திரும்பி வரும்போது மிச்சம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு மதியம் பெர்ச் கொண்டுவந்தான். மேடையில் பையை வைத்துவிட்டு இந்தத் தடவை ஒதுங்கவில்லை. பக்கத்திலேயே நின்றான். ஒவ்வொரு துண்டிலும் தோல் இருந்தது, கட்டைவிரல் அகலத்துக்கு இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு. வெர்ன் பார்த்துவிட்டு, இதை உரித்தால் பூனைக்குத்தான் விருந்து என்றார். எல்லோரும் சிரித்தோம். ஐலாவும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பையிலிருந்த துண்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டு, செதிலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ரஸ்ஸல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தான்.